ஒவ்வொருவரும் பல்பை எரிய வைப்பர்

சிவப்பு மையில அடிச்சிட்டாங்க சார்! சிவப்பு மையில! பரீட்சைப் பேப்பர்ல நான் பசங்களுக்கு அடிப்பேனே, அந்த மாதிரி என் பாடக்குறிப்புல எனக்கே அடிச்சிருக்காங்க... உக்காருங்க சார், நீங்க நின்னுக்கிட்டே இருந்தா எனக்குப் பேச்சு வராது. என்ன வேணும், உலக உருண்டையா? இந்த அறிவியல் ரூம் அலமாரிலதான் இருக்கு. சாவி என் பைலதான் இருக்கு. தரேன், தரேன். உலகம் எங்க ஓடிடப் போகுது? உங்களுக்கும் இப்ப வகுப்பு இல்ல, எனக்கும் இல்ல. புதுசா வந்த வரலாறு சார் வாயே திறக்கமாட்டாராம்னு சொன்னாங்க. ரொம்ப நல்லது. நம்ம ஸ்டாஃப் ரூம்ல அப்படி ஒரு ஆள் இல்லாமத்தான் நான் கஷ்டப்பட்டுக்கிட்டு இருந்தேன்.

அப்படி என்னதான் எழுதிட்டேன்? "மாணவர்கள் மின்சுற்றைப் பற்றி அறிந்துகொள்வர்." இதுல என்ன சார் குத்தம்? வேலைக்குச் சேந்த நாள்லேருந்து இப்படித்தான் எழுதறேன். ஒளியா, ஒளியைப் பற்றி அறிந்துகொள்வர். தவளையா, தவளையைப் பற்றி அறிந்துகொள்வர். ஒருத்தர் கேட்டதில்ல. இப்ப வந்திருக்காங்களே தலைமையாசிரியை, அவங்க கேக்கறாங்க, "அறிஞ்சுக்கிட்டாங்கன்னு உங்களுக்கு எப்படி சார் தெரியும்?" மூஞ்சியப் பாத்தா தெரியாதா மேடம்னேன். "மூஞ்சியெல்லாம் வேணாம் சார். வகுப்பு முடியும்போது பிள்ளைங்க என்ன செஞ்சு காட்டுவாங்க, அத எழுதுங்க. நான் கண்ணால பாக்கணும்"னுட்டாங்க.

அதுக்குப் பேரு கற்றல் நோக்கமாம். அத வகுப்பு ஆரம்பிக்கும்போதே போர்டுல எழுதணுமாம். எங்க போகப் போறோம்னு பிள்ளைங்களுக்கு முன்னாடியே தெரியணுமாம்! எங்க போகப் போறோம்னு முன்னாடியே தெரிஞ்சா எவன் சார் கல்யாணம் பண்ணிக்குவான்?

வீட்டுல சொல்லிப் புலம்பலாம்னு போனா, என் சம்சாரம் காதுல விழுந்தவுடனே புடிச்சிக்கிட்டா. "இந்தப் பேச்சு முடியும்போது நான் என்ன செஞ்சு காட்டணும், அத மொதல்ல சொல்லிடுங்க. செஞ்சு காட்டிட்டு என் வேலையப் பாக்கறேன்"ங்கிறா. எப்படி இருக்கு பாருங்க!

நீங்க ஏன் சார் கடிகாரத்தையே பாக்கறீங்க? பெல் அடிக்க நேரம் இருக்கு. எனக்குத்தான் சார் நேரமில்ல. அடுத்த வகுப்பு ஒன்பதாம் வகுப்பு. மேடம் வந்து கடைசி பெஞ்சுல உக்காரப் போறாங்க. போர்டுல எழுதின நோக்கம் நடக்குதா இல்லையான்னு பாக்கறாங்களாம். நடக்கலேன்னா அடுத்த வருஷம் பத்தாம் வகுப்பு எனக்குக் கிடையாது. பக்கத்து ரூம்ல இருக்காரே, சீவின தலை கலையாம வருவாரே, அந்த வேதியியல்காரருக்குப் போயிடும். எனக்கு ஆறாம் வகுப்பு. காந்தம் எதை இழுக்கும், எதை இழுக்காதுன்னு சொல்லிக்கிட்டு உக்காந்திருக்கணும்.

சிரிக்காதீங்க சார். கடைத்தெருவுல நான் நடந்து போனா "டென்த் சார் வராரு"ம்பாங்க. எனக்குப் பேரே அதுதான். சொந்தப் பேரச் சொல்லிக் கூப்பிட்டா நானே திரும்பமாட்டேன். அதுவும் போயிடும் போலிருக்கு. உங்ககிட்ட மறைக்கறதுக்கு என்ன இருக்கு, பயமா இருக்கு சார்.

அந்த போர்டப் படிங்க. "இந்த வகுப்பு முடியும்போது, ஒரு பேட்டரி, ஒரே ஒரு ஒயர், ஒரு டார்ச் பல்பு, இவற்றை மட்டும் கொண்டு ஒவ்வொருவரும் பல்பை எரிய வைப்பர்." எப்படி? கண்ணால பாக்கற மாதிரி இருக்கா, இல்லையா?

பல்பு மாட்டற ஹோல்டர் கெடையாது சார். சுவிட்ச் கெடையாது. கையாலயே புடிக்கணும். வேணாம்னது யாருன்னா கேக்கறீங்க? சும்மா இருங்க, அதையும் சொல்றேன். ஸ்டாஃப் மீட்டிங்ல மேடம் பாவம், நல்லதனமாத்தான் சொன்னாங்க, "ஹோல்டர் வாங்கித் தரேன் சார், அதுல மாட்டிட்டா சுலபமா இருக்கும்"னு. பக்கத்துல அந்த வேதியியல்காரர் ஒரு மாதிரி உதட்டச் சுழிச்சார். எனக்கு வந்ததே கோவம்! எழுந்து நின்னு, "ஹோல்டர் எதுக்கு மேடம்? அது நொண்டிக்குக் குடுக்கற கட்டை. என் பிள்ளைங்க வெறுங்கையால எரிய வைப்பாங்க"ன்னு சொல்லிட்டேன். எல்லாரும் கை தட்டினாங்க சார். அந்த வேதியியல்காரர்தான் மொதல்ல தட்டினார். அப்பவே எனக்கு உறைச்சிருக்கணும். சொந்தக் காசுல சூனியம் வச்சுக்கறதுன்னா இதுதான்.

சரி, இங்க பாருங்க. நான் எத்தனை வருஷமா மின்சுற்று நடத்தறேன்! போர்டுல படம் போட்டா ஸ்கேல் வேணாம் எனக்கு, கோடு நூல் புடிச்ச மாதிரி வரும். பேட்டரிக்கு ரெண்டு கோடு, பல்புக்கு ஒரு வட்டம், வட்டத்துக்குள்ள ஒரு பெருக்கல் குறி. அந்தப் படத்துல ஒரு நாளாவது பல்பு எரியாம இருந்திருக்கா? இப்பக் கையில எடுத்தா... இந்தா, பல்பு. அடிப்பாகத்த பேட்டரி மண்டைல வச்சாச்சு. ஒயர் ஒரு நுனி பேட்டரிக்குக் கீழ. இன்னொரு நுனி மேல, பல்பு உக்காந்திருக்கற எடத்துலயே. சுத்து முடிஞ்சுதா? முடிஞ்சுது. எரியணுமா? எரியணும். எரியுதா?

பல்பு சரியில்ல சார். கடைக்காரன் தலைல கட்டிட்டான். இந்தா வேற பல்பு... இதுவும் அதே குடும்பம் போல. பேட்டரிதான் செத்துருக்கும்னு பாத்தா, ஸ்ஸ்... ஆ! ஒயர் சுடுது சார்! தொட்டுப் பாருங்க! அப்ப கரண்ட் ஓடுதுல்ல? கரண்ட் ஓடுது, ஒயர் சுடுது, இந்தப் பல்பு மட்டும் சோம்பேறி மாதிரி உக்காந்திருக்கு. காத்துல ஈரம் ஜாஸ்தியோ என்னவோ.

ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம்னு என் மச்சான் இருந்தா சொல்லுவான். எலக்ட்ரிக் கடை வச்சிருக்கான். எங்க வீட்டுல ஃபியூஸ் போனா அவன்தான் வரணும். வரும்போதெல்லாம் தெருவுக்கே கேக்கற மாதிரி, "அக்கா, சயின்ஸ் வாத்தியார் வீட்டுல இருக்காரா?"ன்னு கத்திக்கிட்டே வருவான். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதாம். அவனக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். கேட்டா ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவான். அதுக்கு ஆறாம் வகுப்பே தேவலாம்.

என்ன சார், நீங்க எதுக்குக் கைய நீட்டறீங்க? ஒங்களுக்கு எதுக்கு இந்த வேலை? சரி, ஆசைப்படறீங்க, புடிங்க. ஷாக் அடிக்காது, டார்ச் பேட்டரிதான். மொத தடவ யாருக்கும் வராது, மனசத் தளர விட்டுடாதீங்க. அப்புறம் அந்த ஒயர் நுனிய...

எரியுது.

எரியுது சார்! அட, நெஜமாவே எரியுது! சபாஷ்! பாத்தீங்களா, பாத்தீங்களா! அறிவியல் வாடையே இல்லாத ஒரு வரலாறு சாரு, இந்த நாற்காலில உக்காந்து கொஞ்ச நேரம் கேட்டதுக்கே பல்ப எரிய வச்சிட்டார்னா, நான் சொல்லிக்குடுத்த விதம் அப்படி! இதத்தான் கற்றல் நோக்கம்ங்கறது. ஒங்களுக்குத் தானா வருதான்னு பாக்கத்தான் சார் இவ்வளவு நேரம் நான் எரிய விடாம வச்சிருந்தேன். பின்ன என்ன, எனக்குத் தெரியாதா? இந்தாங்க சாவி, உருண்டைய எடுத்துக்கங்க. நீங்க வாங்கிட்டுப் போக வேண்டியவர்தான். அதக் குடுங்க இப்படி, நான் ஒரு தடவ...

அணைஞ்சு போச்சு.

ஐயையோ, பெல் அடிக்குதே! சார், ஒரு நிமிஷம். அந்த நுனிய எங்க வச்சீங்க? மேலயா, பக்கவாட்டுலயா? சும்மாத்தான் கேக்கறேன், சரியா கவனிச்சுச் செஞ்சீங்களான்னு... சார்? வரலாறு சார்! உருண்டையக் கட்டிப் புடிச்சுக்கிட்டு ஓடறதப் பாரு, யாரோ தொரத்தற மாதிரி. சாவிய வச்சிட்டாவது போனாரே.

வாங்க மேடம், வாங்க வாங்க. கடைசி பெஞ்சு தொடச்சு வச்சிருக்கேன், உக்காருங்க. பிள்ளைங்களா, சத்தம் போடாம வாங்க. போர்டுல இருக்கறதப் படிங்க எல்லாரும். படிச்சாச்சா? இன்னைக்கு... இன்னைக்கு உங்க சார் ஒன்னும் சொல்லித் தரமாட்டார். ஆமா மேடம், சரியாத்தான் கேட்டீங்க. படம் போடமாட்டார், கை வைக்கமாட்டார், இப்படி வை அப்படி வைன்னு ஒரு வார்த்தை சொல்லமாட்டார். பிள்ளைங்களே தப்புப் பண்ணணும், பிள்ளைங்களே கண்டுபிடிக்கணும். புது முறை மேடம். ரொம்ப நாளாவே யோசிச்சு வச்சிருந்தேன்.

ம், ஆளுக்கு ஒரு செட்டு எடுத்துக்கங்க. ஆரம்பிங்க. ஒயர் சுட்டா உடனே எடுத்துடணும், அதுமட்டும் சொல்லிடறேன். அது எனக்கு நல்லாத் தெரியும்... என்ன அங்க சத்தம்? எரியுதா? அதுக்குள்ளயா? இந்தப் பக்கமும் ஒன்னா? மேடம், நீங்க எதுக்கு எழுந்து வரீங்க... நல்லாருக்கா? நன்றி மேடம். எல்லாம் பிள்ளைங்கதான், நான் என்ன செஞ்சேன், ஒன்னுமே செய்யல.

எங்க, மொத பெஞ்சுப் பொண்ணு, நீ எப்படி வச்சம்மா? இன்னொரு தடவ செஞ்சு காட்டு. மெதுவா. இன்னும் மெதுவா. கைய எடுத்துட்டுக் காட்டும்மா, மறைக்குது. இரு இரு, மேடத்துக்கு அப்புறம் காட்டலாம், மொதல்ல எனக்குக் காட்டு.