நெடுநேரம் அசையாதவர்

தேநீர் குடித்த கோப்பையை நானே கழுவி வைப்பது என் பழக்கம். அலுவலகத்திலும் அப்படித்தான். சற்றுமுன் நீங்கள் தந்த பிளேன்டீக் கோப்பையையும் கழுவித் தரத்தான் கேட்டேன். உங்கள் கொன்ஸ்டபிள் சிரித்தார். இன்னொருவர் வாய் வைத்த விளிம்பைக் கண்டாலே எனக்குக் குமட்டும். சின்ன வயதிலிருந்தே அப்படி. நான் கவனக்குறைவான ஆள் என்று யாரும் எழுதிவிடக் கூடாது, சேர், அதனால்தான் இதை முதலில் சொல்கிறேன். வாக்குமூலத்தை நீங்கள் சிங்களத்தில் எழுதி நான் கையெழுத்து வைப்பதைவிட, தமிழில் நானே எழுதித் தருகிறேன் என்று கேட்டதும் அதற்காகத்தான்.

என் பெயர் தயாபரன். வயது நாற்பத்திரண்டு. வெள்ளவத்தையில் அம்மாவுடன் இருக்கிறேன். கொள்ளுப்பிட்டியில் இருக்கும் எங்கள் நிறுவனம், பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டுக் கொழும்பில் தனியே இருக்கும் வயதானவர்களின் கையில் ஒரு பட்டியைக் கட்டிவிடுகிறது. அவர் அசைந்தால் பட்டி எங்களுக்குச் சொல்லும். பகலில் மூன்று மணித்தியாலம் அசையாவிட்டால் அலுவலகத்தில் மணி அடிக்கும். அந்தப் பகுதியில் நிற்கும் எங்கள் ஆள் மோட்டார் சைக்கிளில் ஓடுவார். பட்டியில் ஒரு பொத்தானும் உண்டு. விழுந்தால் அமத்தலாம், நாங்கள் உடனே அழைத்துக் கதைப்போம்.

யார் கடைசியாக எப்போது அசைந்தார் என்ற பதிவுகள் கிளவுட்டில், வாடகைக்கு எடுத்த ஒரு டேட்டாபேஸில் இருந்தன. அது எதையும் டிஸ்கில் எழுதாது. எல்லாவற்றையும் மெமரியிலேயே வைத்திருக்கும், அதனால்தான் அந்த வேகம். ஆனால் மெமரிக்கு ஓர் அளவு உண்டு. பதினாறு ஜிபி என்று எடுத்தால் பதினாறும் நமக்கில்லை. அது தன்னைத்தானே பிரதி எடுக்கும்போது இடம் தேவை, ஆகவே நாலிலொரு பங்கை வெறுமையாக விட வேண்டும். மிச்சம் நிரம்பிவிட்டால் என்ன செய்வது என்று முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். புதிதாக வருவதை ஏற்க மறுக்கலாம். அல்லது, உள்ளே இருப்பதில் நெடுநேரம் யாரும் தொடாத பதிவைத் தூக்கி எறியலாம். அதைத் தீர்மானிக்கும் பொறுப்பு என்னுடையது. நான் எறியச் சொன்னேன்.

மறுத்தால் வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளின் போனில் பிழை என்று சிவப்பில் வரும். உடனே எங்களைக் கூப்பிட்டுக் கத்துவார்கள். எறிந்தால் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. நெடுநேரம் தொடாத பதிவு யாருடையது என்று நீங்கள் கேட்பீர்கள். நெடுநேரம் அசையாதவருடையது. பதிவு போய்விட்டால் அவரை எண்ண ஆளில்லை, மணியும் அடிக்காது. அது எனக்கு அன்றே தெரியும். நிரம்பினால்தானே என்று விட்டேன்.

நிரப்பும் வேலையை விற்பனைப் பகுதியின் ரொஷேல் பார்த்துக்கொண்டார். பிள்ளைகள் தங்கள் குரலையும் வீடியோவையும் வாழ்த்தாக அனுப்பலாம், அது தாமதமில்லாமல் உடனே ஓட வேண்டும் என்று அதையும் அதே மெமரிக்குள், நிரம்பினாலும் தானாக எறியப்படாதபடி, போட வைத்தார். கூடாது என்று மெயில் அனுப்பினேன், இதனுடன் இணைத்திருக்கிறேன். அந்த வாழ்த்துகளில் சிலதைப் பரிசோதனைக்காக நான் பார்க்க வேண்டியிருந்தது. பெற்றவளின் முகத்தை ஏழு வருடமாக நேரில் பார்க்காத ஒருவன், தலையில் கடதாசித் தொப்பியுடன் கேக்கை வாயில் அடைத்துக்கொண்டு ‘லவ் யூ மம்மி’ என்கிறான். அதற்கு எண்பது எம்பி. அருவருப்பாக இருந்தது.

இனி மேபல் அம்மாவைப் பற்றி. கொட்டாஞ்சேனையில் கோயிலுக்குப் பின்னால் உள்ள ஒழுங்கையில், மேல்மாடியில் தனியே இருந்தவர். எழுபத்தெட்டு வயது. ஒரே மகன் பிறெடி டொரொன்டோவில். இந்த அம்மா ஒரு நாளைக்கு முப்பது தடவை பொத்தானை அமத்துவார். ஆள் குறைந்த நாட்களில் அழைப்பு எனக்குத்தான் வரும்.

“மகன், ஒண்ணும் இல்ல. சும்மாதான் அமத்தினேன். நீங்க சாப்பிட்டீங்களா?”

“மிஸிஸ் மேபல், விழுந்தா மட்டும்தான் அமத்த வேணும்.”

“விழுந்தா அமத்த ஏலுமா மகன்? அதான் விழ முந்தியே அமத்தி வைக்கிறேன்.”

அலுவலகத்தில் எல்லோரும் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஜூலையில் பட்டியை மாற்ற ஆளில்லாமல் நானே போனேன். படியிலேயே பூனை மூத்திர நாற்றம். உள்ளே கதிரையில் ஈரத் துவாய், ஜன்னலில் கருவாடு. ஒரு கிளாஸ் தண்ணீரில் அவருடைய பல்செட் கிடந்தது. அதே சோடியின் மற்றக் கிளாஸில் எனக்குச் சோடா ஊற்றினார். பிறகு கேக்கைக் கையால் பிய்த்து, விரலில் ஒட்டியதை நக்கிவிட்டு, “வாயத் தெறங்க மகன்” என்று அதே விரலால் என் வாய்க்குள் வைத்தார். ஓடிவந்து படியில் துப்பினேன். வீட்டுக்கு வந்து இரண்டு தரம் குளித்தேன். அந்த விரலின் ஈரம் இன்றைக்கும் என் உதட்டில் இருக்கிறது என்று சொன்னால் நம்புவீர்களா தெரியாது.

டிசம்பர் இருபத்தைந்து, நத்தார் விடுமுறை. வீட்டிலிருந்து கண்காணிக்கும் முறை என்னுடையது. ஒன்பது மணிக்குப் பாணும் சம்பலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மெமரி நிரம்புகிறது என்று எச்சரிக்கை வந்தது. கனடாவில் அப்போது நத்தாருக்கு முந்திய இரவு. விருந்து முடித்துவிட்டு எல்லோரும் ஒரே நேரத்தில் பெற்றோரை நினைத்துக்கொண்டார்கள். பிறெடியும் வீடியோ அனுப்பியிருந்தார்.

அடுத்து எறியப்படப் போகும் பதிவுகளின் பட்டியலைத் திறந்து பார்த்தேன். முதலாவது பெயர் மேபல். கடைசி அசைவு ஆறு நாற்பது. ஒன்பது நாற்பதுக்கு மணி அடிக்க வேண்டும். முப்பது தடவை அமத்தும் மனுஷி அன்று ஒரு தடவைகூட அமத்தவில்லை. அது ஏன் என்று ஊகிக்க எஞ்சினியர் தேவையில்லை. எனக்கு அந்தக் காலை அமைதியாக இருந்தது என்பதுதான் உண்மை.

அளவைப் பெருப்பிக்க இருபது நிமிடம் போதும். அந்தப் பதிவை ஒருமுறை திறந்து பார்த்திருந்தாலே போதும், அது பட்டியலின் அடிக்குப் போயிருக்கும். கொட்டாஞ்சேனையில் நின்ற எங்கள் ஆளுக்குப் போனில் ஒரு கோல் எடுத்திருக்கலாம். நான் தேநீரைக் குடித்து முடித்தேன். கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். ஒன்பது முப்பத்துநாலுக்கு மேபலின் பதிவு இல்லாமல் போனது. ஒன்பது நாற்பதுக்கு எங்கும் மணி அடிக்கவில்லை.

அதற்குப் பிறகு பழைய வாழ்த்துகளை அழித்து இடம் எடுத்தேன். ஐந்து நிமிட வேலை. முதலிலேயே ஏன் செய்யவில்லை என்று நேற்று மூன்று தரம் கேட்டீர்கள். முதலில் செய்திருந்தால் அவருக்கல்லவா இடம் கிடைத்திருக்கும்.

பின்னேரம் பக்கத்து வீட்டுக் கொன்ஸ்ரன்ரைன் பிரியாணித் தட்டுடன் போயிருக்கிறார். மேபல் அம்மா குளியலறை வாசலில், பட்டி கட்டிய கை உடம்புக்கு அடியில் இருக்க, கிடந்தார். மத்தியானம்வரை உயிர் இருந்திருக்கும் என்று டொக்டர் எழுதியிருக்கிறார். பொத்தானைப் பற்றி அந்த அம்மா சொன்னது சரிதான்.

இது டேட்டாபேஸின் எல்லை, மனிதத் தவறல்ல என்று எங்கள் நிறுவனம் அறிக்கை விட்டது. அதை நான்தான் எழுதிக் கொடுத்தேன். அத்தோடு முடிந்திருக்கும். என்னுடன் வேலை செய்யும் பர்ஹா என்ற பிள்ளை பழைய லொக்குகளை, எந்தப் பதிவை யார் எப்போது திறந்தார் என்ற குறிப்புகளை, தோண்டியபடியால்தான் நான் இங்கே இருக்கிறேன். அவள் லேப்டொப்பைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு வந்தாள்.

“தயா அண்ணா, ரெண்டாயிரத்துச் சொச்சம் பேர் இருக்கிறாங்க. இந்த ஒரு ரெக்கோட்ட மட்டும் ஏன் பத்து நிமிஷத்துக்கு ஒருக்கா ஒங்கட புரோகிராம் தொறந்து பாக்குது? யாரு இந்த யோகேஸ்வரி?”

யோகேஸ்வரி என் அம்மா. நான் வேலைக்குப் போனால் தனியே இருப்பவர், அதனால் அவருக்கும் ஒரு பட்டி. எறியும் முறையைத் தெரிந்தெடுத்த அன்றே அந்தச் சின்னப் புரோகிராமையும் எழுதினேன். திறந்து பார்த்துக்கொண்டே இருந்தால் அவருடைய பதிவு ஒருநாளும் பழசாகாது, எறியப்படாது. எந்தப் பிள்ளையும் செய்யக்கூடியதுதான். அதையும் குற்றத்தோடு சேர்க்க வேண்டாம்.

பர்ஹா கேட்ட அன்று பின்னேரம், செய்தி வெளியே வரமுன் நானே சொல்லிவிடுவது நல்லது என்று குசினி வாசலில் நின்று அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இப்போது உங்களுக்குச் சொன்னதைப் போலவே, ஒழுங்காக. அவர் பயந்துவிடக் கூடாது என்பதே என் யோசனை.

“நீங்கள் ஒண்டுக்கும் பயப்பிடாதேங்கோ அம்மா. உங்கட பேர் விழாது. அதுக்கு நான் அப்பவே வழி செய்து வைச்சனான்.”

“அப்ப மற்றாக்கள் விழுவினம் எண்டு உனக்கு அப்பவே தெரியும்.”

“ஓம்.”

“அந்த மனுசிக்குப் பிள்ளையள் இருக்கோ?”

“ஒருத்தன். கனடாவில.”

அம்மா தன் பட்டியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

மேபல் அம்மாவை நான் தள்ளி விழுத்தவில்லை. விழுந்து கிடக்கிறார் என்று தெரிந்துகொண்டு, மணி அடிக்காமல் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சாக வேண்டும் என்று எனக்கு இருந்தது. இதுதான் என் வாக்குமூலம். கையெழுத்து வைக்கிறேன்.

ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். பட்டியைக் கழற்றிய கையோடு அம்மா தட்டிலிருந்த என் கோப்பையை இரண்டு விரலால் அதன் காதில் பிடித்துத் தூக்கினார். குப்பைப் பையில் போட்டுப் பையை முடிச்சுப் போட்டார். பிறகு முழங்கைவரை சவர்க்காரம் போட்டுக் கழுவினார், நெடுநேரம்.

அந்தக் கோப்பையில் ஓர் அழுக்கும் இருக்கவில்லை, சேர். நான் கழுவி வைத்தது.