சொந்த வீதி

நாமக்கல்லில் இருந்து எருமப்பட்டிக்குப் போகும் டவுன் பஸ். மத்தியான வெயில். எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்தவள் போன முறை கவுன்சிலராக இருந்தவள் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

“இந்த வாட்டி எம்பட ஓட்டு எனக்கே கெடையாதுங்க்கா” என்றாள்.

பக்கத்தில் இருந்த மூத்தவள் திரும்பினாள். “அதெப்படி சாமி?”

“வார்டைப் பிரிச்சதுல எங்க வீதி அடுத்த வார்டுக்குப் போயிருச்சுங்க. பழைய வார்டுக்காரங்க ஊடு தேடி வந்து நீதான் நிக்கோணும்னு சொல்லிட்டாங்க. நிக்கறது அங்க, ஓட்டு இங்க. எங்கூட்டுக்காரரு ஓட்டும் எனக்கில்லீங்க.”

“உங்க வீதிப் பக்கம் யாரு நிக்கறா?”

“எங்க கொழுந்தனாரு.”

“போன வாட்டி உனக்கு ஓட்டுப் போடாதீங்கன்னு ஊடு ஊடாப் போயிச் சொன்னாரே, அவரா?”

“அவரேதானுங்க.”

பஸ் ஒரு கோழிப்பண்ணையைத் தாண்டியது.

“அவருக்கா போடப் போற?”

“போட்டுத்தானுங்க ஆகோணும். சொந்த வீதிக்கே செஞ்சுக்கறாளேன்னு ஊரு பேசுமேன்னு, எங்க வீதிச் சாக்கடையக் கடைசிக்குத் தள்ளி வெச்சேன். அதுக்குள்ள பதவி முடிஞ்சு போச்சு. மழை பேஞ்சா இன்னும் வாசல்லதான் தண்ணி நிக்குது.”

“அவரு மட்டும் சாக்கடையக் கட்டிருவாராக்கும்?”

ஜன்னலோரம் இருந்தவள் கண்ணை மூடிக்கொண்டு சீட்டில் சாய்ந்தாள்.

“கட்டுவாருங்க்கா. எங்க வாசல் ரொம்பினா, அந்தத் தண்ணி நேரா அவரூட்டுக்குள்ளதான் போகுது.”