மயில் தோகை விரிக்கும் நேரம்

வெள்ளிமலையிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு இறங்கும் பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் ஓர் அப்பாவும் மகளும் இருந்தார்கள்.

"காலேஜ் வெப்சைட்ல சேர்றதுக்கு ஃபாரம் தொறந்தா மயிலு இன்னாத்துக்குப்பா ஆடணும்?" மகள் வெடித்தாள். "அந்தப் படம் ஓடி முடிஞ்சாத்தான் ஃபாரமே தெரியுது. நம்ம மலை சிக்னல்ல அது தோகைய விரிக்கறதுக்குள்ள கடைசி நாளே போயிடுச்சு."

"நேர்ல போய் கெஞ்சிப் பாக்கலாம்மா."

"கெஞ்ச மாட்டேன். அதே மயில் படத்த நான் சின்ன ஃபைலா மாத்தி வச்சிருக்கேன், சட்டுனு ஓடுது. மொதல்ல உங்க வெப்சைட்ல இதைப் போடுங்கன்னு சொல்லுவேன்."

"கோச்சிக்கினு சீட்டு இல்லன்னுட்டா?"

"அப்பவும் இதைக் குடுத்துட்டுத்தான் வருவேன். அடுத்த வருஷம் நம்ம மலைப் புள்ளைங்களுக்காச்சும் ஃபாரம் தொறக்கட்டும்."



"சரி, நானும் உள்ள வந்து சொல்றேன்," என்றார் அப்பா.