காயலடியில் நாலு அடுக்கு

— மருதமலை முருகன் மேல சத்தியமுங்க அம்மணி. நான் சொல்றதுல ஒரு எழுத்துக்கூடப் பொய்யில்லீங்க. அந்தப் போனுல பதியுதுங்களா?

— பதியுதுங்க செங்கோடய்யா. நாங்க காயல் மண்ண ஆராய்ச்சி பண்றவங்க. உங்க சாக்குல இருக்கற சிப்பி எந்த அடுக்குல இருந்து வந்துச்சுன்னு தெரியலீன்னா எங்களுக்கு அது வெறுஞ் சுண்ணாம்பு. நேர்ல பாத்தவங்க ஒருத்தர் சொல்லிக் கையெழுத்துப் போடோணும்.

— பாத்தவனா? முங்கி எடுத்தவனே நாந்தானுங்க. அம்பத்திரண்டு வருசமாச்சு. நம்ம போத்தனூருக் காளவாய்க்கு வேகன்ல சிப்பி வரும். சுட்டுத் தண்ணி ஊத்தி நீத்துனா சுண்ணாம்பு. நீங்க இருக்கற கணபதிப் பக்கம் பழைய ஊடெல்லாம் அதுல பூசுனதுதான். லோடு கொறையுதுன்னு மொதலாளி என்னையக் கொச்சிப் பக்கம் காயலுக்கே அனுப்பிச்சுப்போட்டாரு.

— முங்குனா எவ்வளவு நேரம் மூச்சப் புடிப்பீங்க?

— போத்தனூர்ல ரயிலேறிப் புடிச்சா பாலக்காட்டுலதானுங்க உடுவேன்.

— செரிங்க. மேல் அடுக்குல என்ன இருந்துச்சு?

— சேறு. தோசைமாவாட்டம், முழங்கை வரைக்கும் போகும். அங்க ஒரு மீனு வந்து, "ஏனுங்க, எந்தூருங்க"ன்னு கேட்டுச்சு.

— மீனு கோயமுத்தூருத் தமிழ்லயா கேட்டுச்சு?

— மருவாதி தெரிஞ்ச மீனுங்க.

— மீன உட்டுப்போட்டு அடுக்கச் சொல்லுங்கய்யா.

— சிப்பி அள்ளுன குழி கெணறாட்டம் எறங்குமுங்க. குழிச் சுவத்தத் தடவிக்கிட்டே போனா ஒவ்வொண்ணாத் தட்டுப்படும். சேத்துக்கடியில கக்கா, சின்னச் சிப்பி. அதுக்கும் கீழ கையகலச் சிப்பி, ஒண்ணோடொண்ணு ஒட்டிப் பாறையாட்டம், கடப்பாரைல நெம்போணும். அதுக்கும் கீழ கருப்பு மண்ணு. அதுல மரத்துத் தூரு நின்னுட்டு இருந்துச்சுங்க, வேரோட.

— தூரா? வேரோடயா?

— மீனத்தான் நம்பல. இதையுமா?

— இத நம்பறேங்க. மொதல்ல அங்க காடுங்க. ஏழாயிரம் வருசத்துக்கு முன்னால கடல் ஏறி வந்து அதை முழுங்கிப்போட்டுது. உப்புத் தண்ணிக்குப் பெரிய சிப்பி குடியேறிச்சு. பொறவு ஆத்துத் தண்ணி கலந்து உப்புக் கொறைய, பெருசு செத்துக் கக்கா வந்துச்சு. கடைசியாச் சேறு மூடிப்போட்டுது. நீங்க சொன்ன எடத்துல இப்ப அள்ளி அள்ளி அடுக்கே மிச்சமில்லீங்க. உங்க வாய்ச்சொல்லுதான் இருக்குது.

— ரோசிலியும் அதேதான் சொன்னா. "இது முன்னொரு காலத்துல காடு, நான் தொட்டுப் பாத்தேன்"னு.

— ரோசிலி யாருங்க?

— அதா, போட்டோவுல இருக்கறாளே. வள்ளத்துல கவுத்தப் புடிச்சுட்டு உக்காந்திருந்தவ. கவுத்துல ஒரு முனை முங்கறவங்க இடுப்புல, மறுமுனை மேல இருக்கறவங்க கையில. ரண்டு இழுப்பு வந்தாத் தூக்கோணும். அந்த இழுப்பு வர்ற வரைக்கும் காத்துட்டு இருக்கறது இருக்குதுங்களே, தண்ணியில இருக்கறவங்களுக்கு மின்னால நமக்கு மூச்சு நின்னுபோயிருமுங்க.

— அப்பறம்?

— அந்த வருசமே கட்டிக் கூட்டிட்டு வந்துட்டேன். இங்க வந்தும் அவ தலமுடியில காயல் வாசம் போகவே இல்ல. நானும் அது போகவேண்டாம்னு இருந்தேன். போன ஆடியில போயிட்டா.

— ...அந்த மரத்தூருல ஒரு துண்டு இருந்தாக் குடுங்கய்யா. அடுக்கோட வயசு கண்டுபுடிக்க சிப்பிய விட அது ஒசத்தி.

— போட்டோவுக்குக் கீழ இருக்குதுங்க. சிப்பிய மூட்டையோட எடுத்துக்குங்க. அதை மட்டும் தரமாட்டேன். அவ மேல வந்ததும் மொதல்ல எங்கையில குடுத்தது.

— அவங்களா? நீங்க முங்கி எடுத்ததுன்னீங்க.

— அப்படியா சொன்னேன்?

— போனுல இருக்குதுங்கய்யா. இந்தத் தாள்ல "என் கண்ணால் பார்த்தேன்"னு எழுதியிருக்குது. இங்க ஒரு கையெழுத்து.

— பேனாவை வைங்க அம்மணி. எனக்கு நீச்சல் தெரியாதுங்க. வள்ளத்துல கவுத்தப் புடிச்சுட்டு உக்காந்திருந்தது நாந்தானுங்க.