படைக்காத பானை

ஊருக்குள் மின்சாரம் வராத காலம் அது. மேற்கு மலை ஓரத்தில் கருங்கால்குளம் என்று ஒரு ஊர் இருந்ததாம். ஊருக்குத் தலைமாட்டில் பெரிய குளம். குளத்தங்கரை மேலே கரையடி அம்மன் கோயில். கரைக்குக் கீழே இருநூறு வீடு. குளம் நிறைந்தால் ஊருக்குச் சோறு, உடைந்தால் ஊரே இல்லை. அப்படி இருந்ததாம்.

அந்த ஊருக்கு ஒரு நாள் எப்பிராயீம் பாஸ்டர் வந்தார். ஒரு சைக்கிள், ஒரு தகரப்பெட்டி, பின்னால் நடந்து வந்த மனைவி தெபோராள். அவ்வளவுதான். வந்தவர் நாற்பத்தொரு வருஷம் இருந்தாராம். வலி கண்ட பெண்ணைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு ஆறு மைல் தள்ளி ஆஸ்பத்திரிக்கு ஓடுவாராம். காலராவில் செத்தவனைச் சொந்தக்காரனே தொடப் பயந்தபோது குழி வெட்டி இறக்கியது அவர்தானாம். எந்தத் தெரு, எந்தச் சாமி என்று ஒரு வார்த்தை கேட்கமாட்டார். அவரிடம் ஒரு குறை உண்டு என்றால், ஜெபம்தான். சாப்பாட்டுக்கு முன்னால் அவர் கண்ணை மூடினால் ரசம் ஆறிப்போகும், அப்பளம் நமுத்துப்போகும், பிள்ளைகள் தூங்கிப்போகும். அதற்குப் பயந்தே அவரை யாரும் விருந்துக்குக் கூப்பிடமாட்டார்கள் என்பார்கள்.

மெள்ள மெள்ள நாற்பது பேர் அவருடைய ஜெப வீட்டில் சேர்ந்தார்கள். வெள்ளை உடுத்தினார்கள், நகையைக் கழற்றினார்கள். சாமிக்குப் படைத்ததைத் தொடமாட்டோம் என்றார்கள். ஊர் அதையும் பொறுத்துக்கொண்டது. பொறுக்க முடியாதது வேறு ஒன்று.

குளம் நிறைந்த பிறகு வருகிற முதல் செவ்வாய்க்கிழமை அம்மனுக்குக் கொடைத் திருவிழா. மேளம் முழங்கும், ஒன்பது பானை பொங்கும். அந்த வாசனையில் தன் ஆட்கள் மனசு தடுமாறிவிடும் என்று பாஸ்டருக்குப் பயம். அதனால் வருஷம் தவறாமல் கொடைக்கு முந்திய ஞாயிறு தொடங்கிச் செவ்வாய் சாயங்காலம் வரைக்கும் உபவாசம் வைத்துவிடுவார். மேலே ஊர் பொங்கித் தின்னும். கீழே நாற்பது பேர் பச்சைத் தண்ணீரோடு கிடப்பார்கள்.

கோயிலில் பொங்கல் வைப்பவர் முப்பிடாதி. அறுபது வயது, நாக்கு அரிவாள். அவர் தெருவில் நின்றே கேட்பாராம்: "நாங்க சந்தோசமாப் பொங்குத அன்னைக்குத்தான் உமக்குப் பட்டினி கெடக்கத் தோணுமாவே? எங்க பானைக்குக் கண்ணு போடுதீரா?"

பாஸ்டர் சிரித்துக்கொண்டு சைக்கிளை மிதிப்பாராம். ஆனால் அந்தக் கேள்வி அவரைத் தைக்கத்தான் செய்தது என்று தெபோராள் பிற்பாடு சொன்னாராம்.

அந்த வருஷம் ஐப்பசி மழை விடவே இல்லை. பெய்தது, பெய்தது, பெய்துகொண்டே இருந்தது. குளம் நிறைந்தது. செவ்வாய்க்கிழமை கொடை. காலையில் பூசாரியும் கிழவர்களும் தவிர, கொடைக்குக் கூடிய ஆம்பிளைகள் கிட்டத்தட்ட எல்லாருமே ஆற்றுக்குத் தீர்த்தம் எடுக்கப் போனார்கள். போனவர்கள் திரும்புவதற்குள் ஓடையில் வெள்ளம் வந்து அக்கரையிலேயே மாட்டிக்கொண்டார்கள்.

உச்சிப் பொழுதுக்கு ஜெப வீட்டுக் கதவை யாரோ இடித்தார்கள். சங்கிலி நின்றான். குளத்து மடையைத் திறந்து அடைக்கிற நீர்ப்பாய்ச்சி அவன்.

"ஐயா, மடைக்குப் பக்கத்துல கரை கசியுது. கலங்கத் தண்ணியா வருது. மேல ஆளு இல்ல."

தெளிந்த தண்ணீர் கசிந்தால் பயமில்லை. கலங்கி வந்தால் கரைக்குள் மண் கரைகிறது என்று அர்த்தம். பாஸ்டர் பாட்டைப் பாதியில் நிறுத்தினார். எல்லாரும் எழுந்து ஓடினார்கள். சாக்கு இல்லை. ஜெப வீட்டில் உட்காரும் கோரைப்பாய்கள்தான் இருந்தன. அவற்றை விரித்து, வைக்கோலும் களிமண்ணும் அள்ளிப் போட்டு, சுருட்டிக் கட்டி, கசிகிற வாயில் இறக்கினார்கள். ஒரு பாய் இறங்கும், தண்ணீர் அடுத்த இடத்தில் எட்டிப் பார்க்கும். இன்னொரு பாய், இன்னொரு இடம். வெள்ளைச் சேலை, வெள்ளை வேட்டி எல்லாம் சேற்று நிறம்.

மூன்று நாள் பட்டினி உடம்பு எவ்வளவு தாங்கும்? முதலில் சீயோன் என்கிற கொத்தன் மண்கூடையோடு விழுந்தான். பிறகு இரண்டு பெண்கள். வைராக்கியமான ஆட்கள்தான், மற்றவர்கள் கூடையை விடவில்லை. பாஸ்டர் அவர்களைப் பார்த்துக்கொண்டே நின்றார். கரை தேவனுடைய கையில் இருக்கிறது, சரி. ஆனால் இந்த உடம்புகளில் இருந்த பலத்தை எடுத்தது யார்? மேளச்சத்தத்துக்குப் பயந்து, மூன்று நாளாக வெறும் வயிற்றோடு உட்காரவைத்தது யார்? நான்தானே என்று அவருக்கு அப்போதுதான் உறைத்ததாம்.

"உபவாசம் முடிஞ்சிட்டு," என்று சத்தமாகச் சொன்னார். "பொழுது சாய வேண்டாம். இப்பவே முடிஞ்சிட்டு."

முடிந்தது, ஆனால் சோறு? அவர்கள் அடுப்பெல்லாம் மூன்று நாளாக அணைந்து கிடக்கிறது. அடுப்பு எரிந்த ஒரே இடம், நூறு அடி தள்ளி, அம்மன் கோயில்.

கூப்பிடாமலே முப்பிடாதி வந்தார். வாழை இலையில் பொங்கல், ஆவி பறக்க. பாஸ்டர் சேற்றுக் கையைக் கூப்பினார்.

"தாயே, கோவிச்சுக்கிடாதீங்க. இது அம்மனுக்குப் படைக்கன்னு பொங்குனது. எங்க ஆளுக தொடமாட்டாக."

"கரை போனா ஊரே போயிரும்வே. அப்பவுமா?"

"பொய் சொல்லித் திங்க வைக்க என்னால ஆகாது. சாமிக்குள்ளதா இல்லியான்னு என் மூஞ்சியத்தான் பாப்பாக."

முப்பிடாதி அவரை ஏற இறங்கப் பார்த்தார். இலையைச் சங்கிலி கையில் திணித்துவிட்டு விறுவிறுவென்று திரும்பிப் போய்விட்டார். பாஸ்டர் தலை குனிந்து அடுத்த பாயைச் சுருட்டினார். ஊர் நம்மை மன்னிக்காது என்று நினைத்துக்கொண்டாராம்.

போனவர் என்ன செய்தார் தெரியுமா? ஒரு புதுப்பானையை எடுத்தார். தன் வீட்டு அரிசியைப் போட்டார். அம்மன் பார்வை படாமல், கோயிலுக்குப் பின்சுவர் ஓரம் மூன்று கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டினார். பூசாரி ஓடிவந்து, கொடை நாளில் படைக்காத பானை இந்த எல்லையில் பொங்கக்கூடாது, அம்மன் கோபிப்பாள் என்று தடுத்தாராம்.

முப்பிடாதி ஊதுகுழலைக் கீழே வைக்காமலே சொன்னார்: "பெத்தவ எந்த ஊர்லவே புள்ளைகளுக்கு முன்னால தின்னுருக்கா? அவ பெறவு திம்பா. காத்துக்கெடப்பா. நீரு போயி கரையில மண்ணு அள்ளும்."

பூசாரி போய் மண் அள்ளினார்.

பானை கரைக்கு வந்தது. "சாமிக்குப் பொங்காதது, படைக்காதது," என்றார் முப்பிடாதி. "என் கண்ணாணப் படைக்காதது. உக்காருங்க."

நாற்பது பேரும் பாஸ்டர் முகத்தைப் பார்த்தார்கள். பாஸ்டர் கண்ணை மூடினார். எல்லாருக்கும் திக்கென்றது. குளம் உடைந்து ஊர் கடலுக்குப் போனாலும் இந்த மனுஷன் ஆமென் சொல்லமாட்டாரே என்று சங்கிலி முணுமுணுத்தானாம். பாஸ்டர் உதடு திறந்தது. "ஸ்தோத்திரம்" என்றார். அவ்வளவுதான். கண்ணைத் திறந்து, அந்தச் சேற்றுக் கையாலேயே முதல் கவளத்தை அள்ளி வாயில் போட்டார். அவர் வாழ்நாளில் பண்ணிய ஜெபத்தில் அதுதான் சின்னது, அதுதான் பெரியது என்பார்கள்.

தின்றார்கள், எழுந்தார்கள். பாஸ்டர் ஒரு பக்கம், பூசாரி ஒரு பக்கம், நடுவில் மண்கூடை கைமாறியது. முப்பத்தேழாவது பாய் இறங்கியபோது தண்ணீர் வாய் மூடிக்கொண்டது. மேற்கே வானம் வெளுத்தது. அக்கரையில் தவித்தவர்கள் ஓடையைத் தாண்டி, வீடு இருக்குமோ இருக்காதோ என்று ஓடிவந்து பார்த்தால், இருநூறு கூரையும் அப்படியே நின்றன. கரை மேலே பெண்கள் குலவை போட, சேறு பூசிய நாற்பது பேரும் கைதட்டிப் பாடிக்கொண்டிருந்தார்களாம். அம்மனுக்கு அன்றைக்குப் பொங்கல் அந்தி சாய்ந்துதான் கிடைத்தது. அவள் கோபித்ததாக யாரும் சொல்லவில்லை.

அடுத்த வருஷத்திலிருந்து கொடை நாளில் உபவாசம் இல்லை. அன்று விடியற்காலையில் ஜெப வீட்டு ஆட்கள் மண்வெட்டியோடு போய்க் கரையைச் சீர் பார்ப்பார்கள். அந்த இடத்துக்குப் பாய்க்கரை என்றே பெயர். கோயிலில் ஒன்பது பானை பத்தானது. பின்சுவர் ஓரம் பொங்குகிற அந்தப் பத்தாவது பானைதான் முதலில் இறங்கும். இறங்கினதும் நேரே ஜெப வீட்டுக்குப் போகும். அது போன பிறகுதான் அம்மனுக்குப் படையல்.

பாஸ்டரும் போய்விட்டார், முப்பிடாதியும் போய்விட்டார். அவர்களைப் பார்த்த கண்களும் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வருகின்றன. பானை மட்டும் நிற்கவில்லை. மழை பொய்த்துக் குளம் நிறையாத வருஷம் கொடை கிடையாது, அதனால் பானையும் கிடையாது. அந்த மாதிரி வருஷங்களில் ஐப்பசி பிறந்தால் ஜெப வீட்டில் முழங்கால் போட்டுக் கேட்கிறார்கள்: ஆண்டவரே, குளத்தை நிறைத்துத் தாரும், ஊர் கொடை எடுக்கட்டும்.