இருபத்திரண்டு சென்டிமீட்டர் வண்டல்

பெயர்: பணிப்பதிவேட்டில் உள்ளபடி. கம்புக்காரன் என்று கேட்டால்தான் யாருக்கும் தெரியும். வயது 52. படிப்பு நான்காம் வகுப்பு, அதிலும் பாதி. முகவரி: பள்ளத்துத் தெருவின் கடைசி வீடு, என் அக்கா வீட்டுக்கு எதிரில். வேலை: நகராட்சி மழைநீர் வடிகால் பிரிவில் அளவுக்கம்பு பிடிப்பது.

மேன்ஹோலுக்குள் கம்பை இறக்கி, குழாயின் அடியில் எவ்வளவு வண்டல் படிந்திருக்கிறது என்று அளந்து சீட்டு எழுதிக் கொடுப்பது என் பொறுப்பு. வண்டலை எடுப்பது உறிஞ்சும் வண்டியின் வேலை. மூன்று மாதத்துக்கு முன்பு எங்கள் தெருவின் அறுபது சென்டிமீட்டர் குழாயில் இருபத்திரண்டு சென்டிமீட்டர் வண்டல் இருப்பதை அளந்து, வண்டி கேட்டுப் பொறியாளரிடம் சீட்டு கொடுத்தேன். அதன் பிறகு, அலுவலகத்தில் கணக்குப் போடுபவரும் நான் டீச்சரம்மா என்று கேலியாகக் கூப்பிடுபவருமான பெண், அந்தக் குழாயை இரண்டு கம்ப்யூட்டர் புரோகிராம்களில் போட்டுப் பார்த்தார். பழையது, நொடிக்கு நானூறு லிட்டர் போகும் என்றது. புதியது, இருநூற்று முப்பதுதான் என்றது. பெருமழைக்கு முன்னூற்றைம்பது போயாக வேண்டும். ஏன் இந்த வித்தியாசம் என்று கேட்டேன். பழையதில் வண்டலைக் குறிக்கக் கட்டமே இல்லை, அது எந்தக் குழாயையும் புதுக்குழாயாகவே நினைத்துக்கொள்ளும் என்றார்.

"அப்ப என் வயசையும் அதுலயே பாரும்மா, இருபத்தஞ்சுன்னு வரும்" என்றேன்.

அதன் பிறகு பொறியாளர் இரண்டு தாள்களையும் பார்த்துவிட்டு, "எது பாஸ் ஆகுதோ அதை மேல அனுப்பு, வண்டியெல்லாம் வேணாம்" என்றார்.

"கட்டம் இல்லேன்னா மண்ணு எந்திரிச்சுப் போயிடுமா சார்?" என்று கேட்டேன்.

"நீ கம்பைப் புடி, போதும்" என்றார்.

சென்ற 14ஆம் தேதி பிற்பகல் பெய்த மழையில் எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. அக்கா தையல் மெஷினை மேசைமேல் ஏற்றிவிட்டு, தானும் அதன் பக்கத்தில் ஏறி உட்கார்ந்திருந்தார். அவரை முதுகில் சுமந்து வெளியே கொண்டுவந்தேன். வழியெல்லாம் அவர் எடையைச் சொல்லிக் கேலி செய்தேன், அவரும் என் தலையில் குட்டினார். மூன்று நாள் கழித்து நான் காபி கொண்டுபோனபோது அவர் வாங்கவில்லை. "நீதான் குழாயைக் கவனிக்காம விட்டுட்டியாமே தம்பி. ஆபீஸ்லயே எழுதியிருக்காங்களாம். தெருவே சொல்லுது" என்றார். காபியை வாசற்படியில் வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

அதன் பிறகு அலுவலகம் போய் அந்த அறிக்கையை டீச்சரம்மாவைப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். கம்பு பிடிப்பவர் தகவல் தராததால் வண்டல் சேர்ந்தது என்றும், குழாயில் இருநூற்று முப்பதுதான் போனது என்றும் இருந்தது. சாட்சியாகப் புதிய புரோகிராமின் தாளை இணைத்திருந்தார்கள். அந்தத் தாளில் வண்டல் இருபத்திரண்டு என்று போட்டிருந்தது, அது என் கம்பில் வந்தது. வண்டி வேண்டாம் என்று சொல்ல ஒரு கணக்கு, என்மேல் பழி போட இன்னொரு கணக்கு.

அதன் பிறகு எங்கள் தெருவில் குழாயை மாற்ற ரோட்டைத் தோண்டிய இடத்துக்குப் போய், உடைந்து கிடந்த குழாயின் அடித்துண்டு ஒன்றை, உள்ளே கெட்டிப்பட்ட வண்டலோடு தள்ளுவண்டியில் ஏற்றி, அலுவலகத்துக்குக் கொண்டுவந்து பொறியாளர் மேசைமேல் வைத்தேன். "இதுக்குக் கட்டம் இல்லியாமே சார். மேசை இருக்கே" என்றேன். மேசைக் கண்ணாடி உடைந்தது உண்மை. அவரை நான் தொடவில்லை.

இன்று இந்தப் போலீஸ் நிலையத்தில் அந்தத் துண்டை எழுத்தர் என் முன்னால் அளந்தார். இருபத்திரண்டு. நான் சீட்டே கொடுக்கவில்லை என்று பொறியாளர் சொல்வதாகத் தெரிகிறது. அவர் இணைத்த தாளின் அடியில் கம்ப்யூட்டர் தேதி போட்டிருக்கிறது. எனக்கு எழுத்து தடுமாறும், எண் தடுமாறாது. அது மழைக்கு எண்பத்தொன்பது நாள் முந்தைய தேதி. அதை இதில் எழுதச் சொன்னேன், எழுதினார்கள்.

இதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். "தூக்கிப் போட்டேன்" என்றிருந்ததை "வைத்தேன்" என்று திருத்தச் சொன்னேன். மற்றதெல்லாம் நான் சொன்னது, நடந்தது. ஒரு நகல் வேண்டும், அக்காவுக்கு.

(ஒப்பம்)
கம்புக்காரன்