தீவட்டிக்காரன் நின்ற இடம்

என் பெயரும் வீட்டு விலாசமும் தலைப்பில் குறித்துக்கொள்ளப்பட்டன. வயது ஐம்பத்து மூன்று. மேல்நிலைப் பள்ளியில் இலக்கிய ஆசிரியராக வேலை பார்க்கிறேன். பிள்ளைகள் எனக்கு வைத்த பட்டப்பெயர் 'நாடகத்தார்'. அப்படிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பேன்.

மாணவி ஒருத்தியைப் பொய்ச்சாட்சி சொல்ல நான் பழக்கியதாக எங்கள் பள்ளிச் செயலாளர் கொடுத்த புகார் சம்பந்தமாக இன்று நிலையத்தில் ஆஜராகிச் சொல்வதாவது:

பன்னிரண்டாம் வகுப்புக்குப் பழைய துன்பியல் நாடகம் ஒன்று பாடமாக உள்ளது. அதில் அரசன், இருட்டில் வந்த சொந்த மகனைப் பகைவன் என்று எண்ணி வாசலிலேயே வெட்டிவிடுகிறான். கேள்வி பதில் எழுதச் சொன்னால் வகுப்பு தூங்கிவிடும் என்பதால், அந்தக் காட்சியில் வசனமே இல்லாமல் நிற்கும் தீவட்டிக்காரனாக இருந்து வாக்குமூலம் எழுதச் சொன்னேன். நின்ற இடத்திலிருந்து கண்டதை மட்டும் எழுத வேண்டும், தெரியாததைத் தெரியாது என்றே எழுத வேண்டும் என்று நிபந்தனை வைத்தேன். அரசனின் மனக்குமுறலைப் பக்கம் பக்கமாக எழுதிய ஒருவனிடம், "அவரு நெஞ்சுக்குள்ள நீ எப்படா போய் உக்காந்த?" என்று கேட்டதில் வகுப்பே சிரித்தது. வாயாடி என்று பெயரெடுத்த மேற்படி மாணவி, அரசனின் முதுகு மட்டுமே தெரிந்ததாக எழுதி, 'என் கை வெளிச்சத்தில்தான் வெட்டு விழுந்தது' என்று முடித்திருந்தாள். அதை ஆசிரியர் அறையில் எல்லோரையும் உட்கார வைத்துப் படித்துக் காட்டினேன்.

அதன் பிறகு, மறு வாரம், பள்ளி வேன் பின்னால் வந்து மோதியதில் வாசல் காவலாளியின் இடுப்பெலும்பு முறிந்ததாகப் பேச்சு எழ, அவர் ஏணியிலிருந்து தவறி விழுந்தார் என்று நிர்வாகம் சொல்லி, அவரை வேலையை விட்டும் நீக்கியது. அதன் பிறகு மேற்படி மாணவி தன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு இந்த நிலையத்துக்கு வந்து, வேன் மோதியதை மாடி ஆய்வகச் சன்னலிலிருந்து பார்த்ததாகச் சொல்லியிருக்கிறாள். இது எனக்குப் பிற்பாடுதான் தெரியும்.

அதன் பிறகு செயலாளர் என்னை அழைத்து, "சார், இப்படியெல்லாம் எழுதப் பழக்கினதே நீங்கதான். இதுவும் கற்பனைன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க, முடிஞ்சிடும். இல்லேன்னா உங்க வேலைக்கு நான் பொறுப்பில்ல" என்றார். முடியாது என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். மாணவி தாழ்வாரத்தில் நின்றிருந்தாள்.

"சார், என்னால உங்க வேலை போயிடுமா?"

"அது என் கவலை. நீ சொன்னதுல ஏதாச்சும் மாத்தணுமாம்மா?"

"இல்ல சார். இது ஒண்ணும் மார்க்குக்குச் சொன்னதில்ல."

வேனை ஓட்டியவரின் முகம் கண்ணாடியில் அடித்த வெயிலில் தெரியவில்லை என்கிறாளே, ஏன் என்று உதவி ஆய்வாளர் கேட்டார். நான் சொல்லிக்கொடுத்து வந்திருந்தால் முகத்தோடு சட்டை நிறமும் சேர்த்துச் சொல்லியிருப்பாள். பொய்க்குத்தான் எல்லாம் தெரியும். தெரியாது என்று சொல்லத்தான் நான் கற்றுக்கொடுத்தேன்.

வேன் மோதியதை நான் பார்க்கவில்லை. அப்போது பின்கட்டடத்தில் வகுப்பில் இருந்தேன்.

அவள் என் மாணவி என்பதைத் தனி வரியாக எழுதிக்கொள்ளும்படி கேட்டேன். வழக்குக்கு அது தேவையில்லை என்றார். எனக்குத் தேவை என்றேன். எழுதிக்கொண்டார்.

படிக்கக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது. அத்தனையும் உண்மை.

(ஒப்பம்)